இரும்பு மாத்திரை

ஜனவரி 9

சுண்டு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ இதைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று பாதி நம்புகிறேன். மீதிப் பாதிக்காக எழுதுகிறேன். எட்டு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. சித்தியிடம் கேட்டால், "உன் பேரை எடுத்தாலே எழுந்து போயிடுறா, நான் என்னம்மா பண்ணட்டும்?" என்கிறாள். கடிதம் வந்தால் எழுந்து போனாலும் அது அங்கேயே கிடக்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மார்ச் 5-ஆம் தேதி உனக்கு ஆபரேஷன், வயிற்றையே முழுதாக எடுக்கப் போகிறார்கள் என்று சித்தி நேற்றுச் சொன்னாள். அப்போது நான் லேபில் நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த ஸ்லைடு தட்டை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபது வயதில் வயிறு இல்லாமல் போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அப்படி எடுத்த வயிறுகள் வாளியில் எங்கள் லேபுக்குத்தான் வரும். யாருடையது என்று பார்க்காமல் நம்பரை மட்டும் பார்த்து வேலை செய்யப் பழகியிருக்கிறேன்.

சித்தி உன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அவளைத் திட்டாதே, நான்தான் நச்சரித்து வாங்கினேன். அதை எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்து இது என்ன கட்டி என்று சொல்வது அவர்கள் வேலை; அவர்கள் பார்ப்பதற்கு ஸ்லைடு செய்து கொடுப்பது என் வேலை. அவர்கள் இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்த வயசுல, பொண்ணு, வயித்துல ஒண்ணுக்கு மேல கட்டி. ஒரு ஸ்டெயின் போட்டுப் பார்த்திருக்கணுமே. போடலையா?" என்றார்கள். ரிப்போர்ட்டில் அந்தச் சாயப் பரிசோதனை இல்லை.

விஷயம் இதுதான். இந்தக் கட்டியில் பெரியவர்களுக்கு வழக்கமாக வருவது ஒரு வகை. உன் வயதில் அபூர்வமாக வருவது இன்னொரு வகை. வெளியே இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடையாக இருக்கும். அந்தச் சாயம் ஏறினால் முதல் வகை, ஏறாவிட்டால் இரண்டாவது. வைத்தியமும் வேறு. நீ ஏழு மாதமாக விழுங்கும் மாத்திரை முதல் வகைக்கு நன்றாகக் கேட்கும், இரண்டாவதுக்குப் பெரும்பாலும் கேட்காது. இரண்டாவது வகை என்றால் வயிற்றை முழுதாக எடுக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் இருக்கலாம்.

உன் வயிற்றிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து உன் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். அதற்கு பிளாக் என்று பெயர். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நீ கையெழுத்துப் போட்டுக் கேட்டால் கொடுப்பார்கள். அதை எனக்கு அனுப்பு.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அக்கா


ஜனவரி 18

லேப் மேடம் அவர்களுக்கு,

கவரைக் கிழிக்கவில்லை. கிழித்தால் இன்னொன்று எழுதுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

முதலில், என்னைச் சுண்டு என்று கூப்பிடாதே. இரண்டாவது, "ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா" என்று இந்த ஜென்மத்தில் என்னிடம் கேட்காதே. ஒன்றரை வருஷம் அதைத்தான் கேட்டாய். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றேன். "ஒழுங்கா சாப்பிடு." தலை சுற்றுகிறது என்றேன். "ராத்திரி போனை நோண்டாம தூங்கு." வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று வெட்கத்தை விட்டு வந்து சொன்னேன். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று நான் எழுத வேண்டியதில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், இல்லாவிட்டால் நீ மனுஷியே இல்லை.

சலூனில் நான் விழுந்த கதையைக்கூட நீ முழுதாகக் கேட்டதில்லை. ஒரு அம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடித்துவிட்டேன். கண்ணாடியில் என் முகம் அந்த அம்மாவின் துண்டைவிட வெள்ளையாக இருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது தரை, தரையெல்லாம் முடி, வாயில் ரத்தம். பாவம், அந்த அம்மா பாதித் தலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். நீ ஒரு மணி நேரம் கழித்து லேப் கோட்டோடு வந்தாய்.

இப்போது சித்தி வீட்டில் இருக்கிறேன். தையல் மெஷின் வைத்திருந்த அறையைக் காலி பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். எந்தக் கார் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று எனக்கு மனப்பாடம். நான் ஹாலுக்கு வந்தால் சித்தப்பா டிவி சத்தத்தைக் குறைக்கிறார். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். சத்தமாக ஒரு சண்டை போடக்கூட இந்த வீட்டில் ஆளில்லை.

மீசை டாக்டர் (என் சர்ஜன், மீசை அவருக்கு முன்னாலேயே அறைக்குள் வரும்) முழுதாக எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார். அவராவது ஒன்றைச் சொல்லி அதில் நிற்கிறார். நீ அன்றைக்கும் இப்படித்தான் எல்லாம் தெரிந்த மாதிரி சொன்னாய்.

பிளாக் கிடையாது. என் வயிற்றில் மிச்சம் இருப்பதாவது உன் கைக்கு வராமல் இருக்கட்டும்.


ஜனவரி 27

சுண்டு என்று எழுதவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாள் வீணாயிற்று. இப்படியே ஆரம்பிக்கிறேன்.

ஞாபகம் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் லேப் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நீ பாத்ரூம் கதவில் சாய்ந்து நின்று, "அக்கா, ஒரு மாதிரி கறுப்பா போகுது" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இரும்பு மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும், போ" என்றேன். காலரை மடித்து இன்னொரு தடவை தேய்த்தேன். நீ உள்ளே போய்விட்டாய்.

ஒன்றும் தெரியாத அக்காவாக இருந்திருந்தால் பயந்து போய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். இரும்பு மாத்திரை கறுப்பாக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது என்ற திமிரில் அதற்கு மேல் கேட்கவில்லை. வயிற்றில் ரத்தம் கசிந்தாலும் அதே கறுப்புதான். அதுவும் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த டாக்டர் உன்னிடம் கறுப்பாகப் போனதா என்று கேட்டார். நீ என்னை நோக்கி விரலை நீட்டி, "இவங்கதான் மாத்திரையாலன்னு சொன்னாங்க. லேபில வேலை பாக்குறாங்க" என்றாய். எங்கள் ஆஸ்பத்திரி, அங்கே எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். அவர்கள் பார்வை ஒரு பக்கம் இருக்கட்டும். நீ சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. "என் முகத்திலயே முழிக்காத" என்றாய். போனேன்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் செருப்பு வாசலில் இருக்கிறது. உன் சீப்பை எடுத்து வைக்கக் கை வரவில்லை. சமைத்தால் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது, மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை லேபில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கிறது.

அதெல்லாம் கிடக்கட்டும். என்னை நம்பாதே. நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த பிளாக்கை நான் தொட மாட்டேன். என் மேஜைக்கு எதிரே இருப்பவர் வெட்டுவார். டாக்டரம்மா பார்ப்பார்கள். சாயம் ஏறினால் ஏறியதுதான், ஏறாவிட்டால் ஏறாததுதான். நான் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதை மாற்ற முடியாது. உன் மீசை டாக்டர் சொன்னதே சரி என்று வந்தால் அதோடு என் வாயை மூடிக்கொள்கிறேன்.

எடுத்த வயிற்றைத் திரும்ப வைக்க முடியாது. அது ஒன்றுக்காகத்தான் இவ்வளவு கெஞ்சுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 5

அக்காவுக்கு,

இன்றைக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. எட்டு மாதம் மாத்திரை தின்று கண்ணைச் சுற்றித் தவளை மாதிரி வீங்கியதுதான் மிச்சம். கட்டிகள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. நாலு. நாலும் அதே அளவு. "குறையலையே டாக்டர்" என்றேன். "வளரலையே, அதைப் பாரும்மா" என்றார்.

அப்புறம் என் கால்கள் தாமாகவே ரெக்கார்டு அறைக்குப் போயின என்று வைத்துக்கொள். அங்கே ஒரு கிளார்க். "பிளாக்கா? உங்களுக்கு எதுக்கும்மா அது?" என்றார். "என்னோடதுதானே, குடுங்க" என்றேன். மூன்று தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். இவ்வளவுதானா? ஒரு மெழுகுத் துண்டு, நடுவில் அழுக்கு மாதிரி ஒரு புள்ளி. இதற்கா இத்தனை பாடு?

கூரியரில் வருகிறது. நிபந்தனைகள் உண்டு. நீ வெட்டக் கூடாது. அந்த அறையில் நீ இருக்கக் கூடாது. முடிவை நீ எழுதக் கூடாது, டாக்டரம்மா கையெழுத்தோடு வர வேண்டும். உன் "எனக்குத் தெரியும்" எதுவும் கூடவே வரக் கூடாது.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இஸ்திரி போட்டதை எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து தொண்டையில் நிற்கிறது. இப்போது வரவில்லை.

செருப்பை எடுத்து உள்ளே வை. மழையில் நனைந்தால் ஒட்டு விட்டுப்போகும்.


பிப்ரவரி 14

அன்புள்ள தங்கைக்கு,

செருப்பை உள்ளே வைத்துவிட்டேன்.

உன் டப்பா திங்கட்கிழமை வந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கி நேராக எதிர் மேஜைக்காரரிடம் கொடுத்தேன். இவரைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், தும்மல்காரர். எங்கள் வேலையில் தும்மக் கூடாது. மெழுகைச் சீவினால் வருகிற சீவல் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக இருக்கும். பக்கத்தில் மூச்சு விட்டாலே பறந்துவிடும். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்த வேண்டும். இந்த மனிதர் நாளைக்குப் பத்துத் தடவை தும்முவார், நாலு சீவலைப் பறக்கவிடுவார். உன் பிளாக்கில் இருப்பதோ ஒரு புள்ளி. ஆனாலும் வாக்குக் கொடுத்திருக்கிறேனே, வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

பதினோரு வருஷமாக அந்தப் படியில் ஏறி இறங்குகிறேன், உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அறைக்குள் தும்மல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம். அவர் வெளியே வந்து, "ஒண்ணும் பறக்கலைங்க. மூக்குல துணி கட்டிக்கிட்டேன்" என்றார். அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் பயந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

டாக்டரம்மாவின் ரிப்போர்ட் ஒட்டிய கவரில் தனியாக வருகிறது. உன் நிபந்தனைப்படி முடிவை நான் எழுதவில்லை. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், நீ ஒப்புக்கொண்டால் படி, இல்லாவிட்டால் அடுத்த பாராவுக்குப் போய்விடு. அவர்கள் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். கட்டிக்குள் ஓடும் சின்ன ரத்தக் குழாய்களில் பழுப்புச் சாயம் நன்றாக ஏறியிருந்தது. சாயம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். சுற்றியிருந்த கட்டியில் ஏறவே இல்லை. வெளுத்துக் கிடந்தது. இளம் வயதில் வரும் அந்த இன்னொரு வகைதான்.

உன் மீசை டாக்டரோடு டாக்டரம்மாவே போனில் பேசுவதாகச் சொன்னார்கள். 5-ஆம் தேதிக்கு முன்னால் ரிப்போர்ட்டை அவர் கையில் நீ கொடுத்தாக வேண்டும். சித்தியிடம் விடாதே, நீயே போ.

இன்னொன்று. இந்த வகை சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். உனக்கு ரத்தத்தில் ஒரு டெஸ்ட் எடுப்பார்கள். கூடப் பிறந்தவர்களும் எடுத்துக்கொள்வது நல்லது என்று டாக்டரம்மா சொன்னார்கள். அம்மா எப்போதும் வெளுத்தே இருந்தாள், உனக்கு ஞாபகம் இருக்காது. ரத்தம் கம்மி, ரத்தம் கம்மி என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள். என் டெஸ்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லேபில் இப்போது வேலை அதிகம்.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

மீசை டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்ததும் முகத்தைச் சுளித்தார். "யார் உங்களை வெளியே அனுப்பச் சொன்னது?" என்றார். "எங்க அக்கா" என்றேன். ஒன்பது மாதம் கழித்து அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது, எனக்கே யாரோ சொன்ன மாதிரி இருந்தது. உன் டாக்டரம்மா அவரோடு அரை மணி நேரம் பேசினார்களாம். மறுநாள் அவரே கூப்பிட்டு உட்கார வைத்து, "இதை நான் என் சர்வீஸில ரெண்டு பேர்கிட்டதான் பார்த்திருக்கேன். முதல்லயே யோசிச்சிருக்கணும்" என்றார். மீசை கொஞ்சம் தொங்கியிருந்தது. பாவம், நல்ல மனுஷன்தான்.

அதே 5-ஆம் தேதிதான். ஆனால் வயிற்றை எடுக்கப் போவதில்லை. ரத்தம் கசிகிற இரண்டு கட்டிகளையும் அவற்றைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுப்பார்கள். மாத்திரையை நிறுத்தியாயிற்று. மிச்ச இரண்டும் உள்ளேயே இருக்கும். மெதுவாக வளர்கிறவை, ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், புதிதாக வந்தாலும் வரலாம் என்றார். "எத்தனை வருஷம் பார்க்கணும்?" என்றேன். "எப்பவும்" என்றார்.

சித்தி சந்தோஷத்தில் அழுதாள். சித்தப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் தையல் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மொத்தமாக எடுத்தால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்று மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். இப்போது இதோடு குடித்தனம் நடத்த வேண்டும். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் போல இருந்தது. கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்லாக் காரும் போய்விட்டது.

தொண்டையில் நிற்கிறது என்றேனே, அதை இப்போது சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மயக்க மருந்துக்குள் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா, நான் அந்த இரும்பு மாத்திரையைச் சாப்பிடவே இல்லை.

முதல் வாரம் சாப்பிட்டேன். வயிற்றைப் புரட்டியது. உன்னிடம் சொன்னால் திட்டுவாய். காலையில் நீ தண்ணீரோடு நீட்டுவாய், வாயில் போட்டு நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வேன். சலூனுக்குப் போனதும் என் டிராயரில் இருந்த காலி பவுடர் டப்பாவில் துப்புவேன். ஒன்றரை வருஷம். டப்பா நிறைந்தால் கீழே கிடக்கும் முடியோடு சேர்த்துக் குப்பையில் கொட்டுவேன்.

"மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும்" என்று நீ சொன்னபோது, மாத்திரையால் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். "நான் சாப்பிடலையே அக்கா" என்று மூன்றே வார்த்தை. நீ இஸ்திரிப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். சொல்லவில்லை. திட்டுவாய் என்ற பயம் பாதி. இது வேறு ஏதோ பெரிதாக இருக்குமோ என்ற பயம் பாதி. மாத்திரைதான் என்று நீ சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. நான் சாப்பிடாத மாத்திரையை நானே நம்ப ஆரம்பித்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லோர் முன்னாலும் உன்னை நோக்கி விரலை நீட்டியபோதும் எனக்கு இது தெரியும். நீ தலையைக் குனிந்துகொண்டு போனாய். ஒன்பது மாதமாக நான் உன் போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. எடுத்தால் சொல்லியாக வேண்டுமே.

நீ பதில் எழுதாவிட்டாலும் நியாயம்தான். உன் ரத்த டெஸ்ட்டை மட்டும் தள்ளிப்போடாதே. "பிறகு பார்க்கலாம்" என்று நம் வீட்டில் சொன்னது போதும்.


பிப்ரவரி 22

உன் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். இப்போது என்னால் எழுத முடியவில்லை. எழுதினால் திட்டுவேன்.


பிப்ரவரி 24

அடிப்பாவி!

திட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. பவுடர் டப்பாவிலா துப்பினாய்? தினமும் காலையில் டம்ளரை நீட்டிக்கொண்டு பைத்தியக்காரி மாதிரி நின்றேனே, நாக்குக்கு அடியிலா வைத்துக்கொண்டாய்? ஒன்பது மாதம் நான் மனுஷியாக இல்லையடி. என் தங்கையைக் கொன்றது நான்தான் என்று சொல்லிக்கொண்டேதான் பல் தேய்த்தேன், பஸ் ஏறினேன், மெழுகு சீவினேன். லேபில் யாராவது இரண்டு பேர் சேர்ந்து பேசினால் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். ஒரு போன் பண்ணி இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? நேற்று முழுக்க உன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் சீப்பை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அரை மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவி வைத்தேன்.

அப்புறம் பழைய நோட்டை எடுத்தேன். உன் ரத்தத்தை நானே எடுத்து, நானே மெஷினில் வைத்து, நானே எழுதிய நோட்டு. ஹீமோகுளோபின் ஒன்பது. மூன்று மாதம் கழித்து எட்டே கால். அடுத்தது ஏழரை. மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு ரத்தம் ஏற வேண்டும். இறங்கிக்கொண்டே போகிறது. ஒன்று இவள் சாப்பிடவில்லை, அல்லது எங்கேயோ கசிகிறது. எனக்கு அடுத்த மேஜைக்காரர் இந்த மூன்று எண்ணைக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். என் வீட்டு எண்ணைப் பார்த்து, "சரியாச் சாப்பிடாத கழுதை" என்று நோட்டை மூடினேன். நீ மறைத்தது நிஜம். நான் பார்க்காததும் நிஜம். உன் கடிதம் என்னை விடுதலை பண்ணும் என்று ஒரு நாள் நினைத்தேன், பண்ணவில்லை. ஆனால் சுமக்க இன்னொரு ஆள் இருக்கிறாள் என்று தெரிந்தது. அதுவே நேற்று என்னைத் தூங்க வைத்தது.

நீ என்னைப் பார்த்து ஏன் பயந்தாய் என்றும் யோசித்தேன். அம்மா போனபோது உனக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது. உன்னை வளர்க்கத் தெரியாமல் மிரட்டி வளர்த்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்டாயே. நல்ல செய்திதான் சுண்டு. சுண்டு என்றுதான் எழுதுவேன், வேண்டுமானால் அடி. எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், பார்ப்பதற்கு எப்போதும் நீ இருப்பாய் என்றும் அர்த்தம்.

இன்று காலை ரத்தம் கொடுத்தேன். தும்மல்காரர்தான் ஊசி போட்டார், நல்லவேளையாகத் தும்மவில்லை. முடிவு வர மூன்று வாரம் ஆகும். வேலை அதிகம் என்று உன்னிடம் சொன்னது பொய். எனக்கும் இருந்துவிட்டால் யாரிடம் சொல்வது என்றுதான் தள்ளிப்போட்டேன். படிவத்தில் "தகவல் தெரிவிக்க வேண்டியவர்" என்று ஒரு இடம் இருக்கிறது. இத்தனை நாள் எந்தப் படிவத்திலும் அதைக் காலியாக விடுவேன். இன்றைக்குத் தங்கை என்று எழுதி உன் நம்பரைப் போட்டேன். போன் வந்தால் எடு.

5-ஆம் தேதிக்கு வரட்டுமா என்று சித்தியிடம் கேட்க மாட்டேன். என் முகத்தில் முழிக்காதே என்று சொன்னவள் நீ. வா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

போனில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை நம்பரைப் போட்டு வைத்துவிட்டேன். குரல் கேட்டால் அழுதுவிடுவேன், சித்தப்பா மறுபடியும் டிவியைக் குறைப்பார். அதனால் இதுவே கடைசிக் கடிதமாக இருக்கட்டும்.

ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். என் கையெழுத்துக்குக் கீழே உறவினர் கையெழுத்துக்கு ஒரு கோடு. சித்தி பேனாவை எடுத்தாள். "இல்ல சித்தி, அது எங்க அக்காவோட இடம்" என்றேன். சித்தி பேனாவை மூடி என் கையிலேயே கொடுத்தாள். மார்ச் 4-ஆம் தேதி சாயங்காலத்துக்குள் அந்தக் கோட்டில் கையெழுத்து இல்லாவிட்டால் என்னைத் தியேட்டருக்குள் விட மாட்டார்களாம். ஆகவே நீ வந்துதான் தீர வேண்டும்.

மூன்று வாரம் கழித்து உன் ரிசல்ட் கவர் வரும்போது தனியாக உட்கார்ந்து பிரிக்காதே. அப்படியே எடுத்துக்கொண்டு வா. என்ன எழுதியிருந்தாலும் தையல் அறையில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டும் என்று மீசை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கி வைக்கிறேன் என்று சித்தி சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டேன். நீ வாங்கிக்கொண்டு வா. டம்ளரையும் நீயே நீட்டு. முழுங்கிவிட்டு வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டுகிறேன்.

சுண்டு